புதிய மடிக்கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ்? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ புதிய மடிக்கணினி வாங்கப் போனால், பில் போடும் நேரத்தில் கடைக்காரர் தவறாமல் கேட்பார்: “ஆன்டிவைரஸ் ஒண்ணு சேர்த்துப் போட்டுடலாமாண்ணே?” குறுவை நெல் விற்ற பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் மகளின் கல்லூரிப் படிப்புக்காகக் கடைக்கு வந்திருக்கும் தந்தை, “எது நல்லதோ அதைப் போடுங்க தம்பி” என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பதிலைச் சில நாள்கள் தள்ளிப்போடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். விண்டோஸ் 11 உள்ள எந்த மடிக்கணினியிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்னும் ஆன்டிவைரஸ் தனிக் கட்டணம் இல்லாமல் உள்ளேயே இருக்கிறது. படிப்புக்கும் வங்கி வேலைக்கும் பயன்படுகிற ஒரு வீட்டுக் கணினிக்கு, அது முறையாக இயங்கிப் புதுப்பிப்புகளும் தடையின்றி வந்துகொண்டிருந்தால், அதுவே போதுமானது. புதுக் கணினியில் ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று பயப்படும்போது, உண்மையான காரணம் காலாவதியான ஒரு சோதனைப் பதிப்பாகவோ, ஒன்றோடொன்று மோதும் இரண்டு ஆன்டிவைரஸ்களாகவோ, உலாவியில் தெரியாமல் கொடுத்த ஓர் அனுமதியாகவோ இருப்பதுண்டு. இவற்றில் எதையும் புதிய ஆன்டிவைரஸ் வாங்கிச் சரிசெய்ய முடியாது.

அறிகுறியைத் தேடுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, இடப்பக்கம் கீழே உள்ள ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். இப்போது உங்கள் கணினியைக் காப்பது எந்த மென்பொருள், அது இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்பவை அங்கே தெரியும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கீழே சொல்லியிருக்கும் வழிகள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

அறிகுறி: ‘உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது’ என்று தினமும் ஓர் அறிவிப்பு வருகிறது

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் மெக்கஃபி, நார்ட்டன் போன்றவற்றின் சோதனைப் பதிப்பைத் தயாரிப்பு நிறுவனமே நிறுவி அனுப்புகிறது. கணினியை முதன்முதலாக இயக்கும் நாளிலிருந்து அந்தச் சோதனைக் காலம் ஓடத் தொடங்குகிறது. முடிந்ததும் சிவப்பு நிறப் பெட்டி வந்து பணம் கேட்கிறது. வெளி ஆன்டிவைரஸ் ஒன்று விண்டோஸில் பதிவாகியிருக்கும் வரையில், டிஃபெண்டர் தன் நேரடிக் காவலை நிறுத்திக்கொண்டு ஒதுங்கியிருக்கும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. காலாவதியான மென்பொருளை நீக்காமல், அறிவிப்பை மட்டும் மூடிக்கொண்டே காலம் தள்ளுபவரின் கணினியில் பழையதும் முழுமையாக வேலை செய்யாது, டிஃபெண்டரும் பொறுப்பேற்காமல் இருக்கக்கூடும்.

பணம் கட்டி அதையே தொடர விரும்பினால் தொடரலாம், அதில் தவறில்லை. வேண்டாம் என்றால் ‘செட்டிங்ஸ்’, ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ என்ற வரிசையில் சென்று அதை ‘அன்இன்ஸ்டால்’ செய்து, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர் இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த நிறுவனமே தன் இணையதளத்தில் கொடுக்கும் நீக்கும் கருவியைப் பதிவிறக்கி இயக்க வேண்டும். பிறகு மீண்டும் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ பக்கத்தைத் திறந்து, டிஃபெண்டர் பொறுப்பேற்றுவிட்டதா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். இந்தக் கடைசிப் பார்வையை விட்டுவிடுபவர்கள் அதிகம் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அறிகுறி: புதுக் கணினி, ஆனால் ஆமை வேகம்

வாங்கிய முதல் இரண்டொரு நாள்களில் மட்டும் இப்படி இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. விண்டோஸ் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டிருக்கும். சார்ஜரை மாட்டி, இணையத்தோடு இணைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில், மின்கலம் நிறைந்திருக்கும்போது மட்டும் பெரிய புதுப்பிப்புகளைத் தொடங்குவது நல்லது.

அதற்குப் பிறகும் நீடித்தால், இயங்கும் நிரல்களைக் காட்டும் ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து பாருங்கள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்ற பெயர் மேலே நின்றால் அது டிஃபெண்டரின் சோதனை வேலைதான். சற்று நேரத்தில் தானாக அடங்கும். அதனோடு வேறு இரண்டு நிறுவனங்களின் பெயர்களும் சேர்ந்து வட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால், தயாரிப்பாளர் போட்டனுப்பியதும் கடைக்காரர் போட்டதும் ஒரே கணினியில் இருக்கின்றன என்று பொருள். ஒரு கோப்பைத் திறக்கும்போது ஒன்று அதைச் சோதிக்கத் தொடங்க, அந்தச் சோதனையையே மற்றொன்று சந்தேகித்துத் தடுக்கப் பார்க்கும். நேரடிக் காவல் செய்யும் ஆன்டிவைரஸ் ஒரு கணினிக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. இல்லாமல் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜி.பி. நினைவகமும் கொண்ட கணினியாக இருந்தால், பல வசதிகளை ஒன்றாகக் கட்டி விற்கும் பெரிய தொகுப்புகளைத் தவிர்த்து டிஃபெண்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பென் டிரைவில் இருந்த கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன

நம் பக்கத்தில் மாணவர்களை மிகுதியாகப் படுத்தும் தொல்லை இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். புராஜெக்ட் அறிக்கையை அச்செடுக்கப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். அங்குள்ள கணினியில் நமக்கு முன்னால் பலருடைய பென் டிரைவ்கள் செருகப்பட்டிருக்கின்றன: பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல் நகல் எடுக்க வந்தவருடையது, திருமணப் பத்திரிகை வடிவமைக்க வந்தவருடையது, வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவருடையது. வீட்டுக்கு வந்து நம் மடிக்கணினியில் செருகினால், ‘புராஜெக்ட்’ என்ற கோப்புறையின் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி ஒன்று முளைத்திருக்கிறது. அதன் அளவு ஓரிரு கே.பி. என்று காட்டுகிறது. அதை இருமுறை சொடுக்கினால் கோப்புறை திறக்கவும் செய்கிறது. அந்தச் சொடுக்கில்தான் உள்ளே ஒளிந்திருக்கும் நிரலும் சேர்ந்து இயங்கிவிடுகிறது.

இந்தத் தந்திரம் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய விண்டோஸில் பென் டிரைவைச் செருகியதுமே அதிலுள்ள நிரல் தானாக இயங்கும் வசதி இருந்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7 தொடங்கிப் பென் டிரைவ்களுக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதன் பின்னர் வைரஸுக்கு உங்கள் சொடுக்கு தேவைப்படுகிறது. உங்களுக்குப் பழக்கமான பெயரில் ஷார்ட்கட் வைப்பது அதற்காகத்தான். உங்கள் உண்மையான கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருக்க மாட்டா, மறைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே அம்புக்குறியைக் கண்டதும் எதையும் சொடுக்காதீர்கள். பென் டிரைவின் மேல் வலச்சொடுக்குச் செய்து ‘ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து முழுமையாகச் சோதியுங்கள். அது முடிந்ததும் ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ பட்டியலுக்குப் போய் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் எதுவும் தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். வைரஸ் அவற்றைக் கணினியின் அமைப்புக் கோப்புகள் என்று குறித்துவைத்திருக்கும். ‘ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்’ பெட்டியின் ‘வியூ’ பகுதியில், பாதுகாக்கப்பட்ட அமைப்புக் கோப்புகளை மறைக்கும் வரிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால், உங்கள் கோப்புறைகள் மங்கலான நிறத்தில் வந்து நிற்கும். சில வேளைகளில் அவை அனைத்தும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் திணிக்கப்பட்டிருக்கும். வேர்டு, பி.டி.எஃப்., படங்கள் என நீங்கள் அறிந்தவற்றை மட்டும் மடிக்கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்த குறியை மறுபடி வைத்துவிட வேண்டும்.

முன்பே சொடுக்கிவிட்டவர்கள், மடிக்கணினியையும் சோதிக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ பகுதியில், ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் கடைசியாக இருக்கும் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ இதற்கு ஏற்றது. அது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே தேடுவதால், வைரஸ் ஓடி ஒளிய இடமிருக்காது. ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன, யு.எஸ்.பி. பிரதிரோத் என்ற கருவி, எந்தெந்தப் பென் டிரைவைக் கணினி ஏற்கலாம் என்று கட்டுப்படுத்த உதவும். அச்செடுக்கப் போகும்போது பி.டி.எஃப். கோப்பு மட்டும் உள்ள தனிப் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய், வீடு திரும்பியதும் அதைத் திறக்காமலே ஃபார்மேட் செய்யும் பழக்கம், விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளையும் விட இந்தத் தொல்லைக்கு நல்ல தடுப்பு.

அறிகுறி: ‘5 வைரஸ்கள் உள்ளன’ என்று திரையின் மூலையில் எச்சரிக்கை வருகிறது, தொலைபேசி எண்ணும் இருக்கிறது

கீழ் வலது மூலையில் வரும் அந்தப் பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஓர் இணையதள முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது விளம்பரம். மாதிரி வினாத்தாளோ புதுப்படமோ தேடிப் போன ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்பதற்கு அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். குரோமில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று சென்று, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அறியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டால் எச்சரிக்கைகள் அன்றோடு நின்றுவிடும்.

திரை முழுவதும் நீலமாகி, சைரன் ஒலியோடு ஓர் எண்ணை அழைக்கச் சொன்னால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடுங்கள். ஏற்கெனவே அழைத்துப் பேசி, அவர்கள் சொன்னபடி, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை நிறுவியிருந்தால், உடனே இணையத்தைத் துண்டியுங்கள், அந்தச் செயலியை நீக்குங்கள், வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய செய்தி இது இல்லை.

அறிகுறி: டிஃபெண்டரை இயக்கினாலும் தானாக அணைந்துவிடுகிறது

இந்த அறிகுறியைத்தான் நான் கடுமையாக எடுத்துக்கொள்வேன். ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், டாலி போன்றவற்றின் கிராக் பதிப்பை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு நகலை, நிறுவும்போது, ‘முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்று குறிப்பு இருக்கும். அணைத்த அந்தச் சில நிமிடங்களில் உள்ளே வந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்’ அமைப்புகளில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத கோப்புறைகளோ, சில வேளைகளில் சி டிரைவ் முழுவதுமோ அங்கே விலக்கு பெற்றிருந்தால், டிஃபெண்டர் பெயருக்குத்தான் இயங்கியிருக்கிறது.

அந்த விலக்குகளை நீக்கி, டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் ‘டேம்பர் புரொடெக்ஷன்’ என்பதை இயக்கி, ஆஃப்லைன் சோதனையும் செய்யலாம். ஆனால் என் கருத்து வேறு: வாங்கிச் சில வாரங்களே ஆன கணினியில் இழக்க அதிகம் இல்லாதபோது, ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு ‘ரீசெட் திஸ் பிசி’ மூலம் விண்டோஸைப் புதிதாக்கிவிடுவதே நிம்மதி. இத்தகைய நிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுபவையாக இருக்கலாம் என்பதால், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றிவிட வேண்டும். வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு தகவல்: டாலி பிரைமில் கட்டணமில்லாத கல்விப் பயன்பாட்டு வசதி இருக்கிறது, மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு போட முடியும் என்றாலும் கற்றுக்கொள்ள அது போதும். எழுத்து வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. கிராக் போட்ட கணினியில் எந்த ஆன்டிவைரஸ் நல்லது என்று தேடுவதால் பயனில்லை.

அறிகுறி: புதுப்பிப்பு வருவதே இல்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். புதுக் கணினியில் நேர மண்டலம் வெளிநாட்டுக்குரியதாகவோ தேதி தவறாகவோ இருந்தால் பாதுகாப்பான இணைப்புகள் தோல்வியடையும். கொல்கத்தா, சென்னை என்று காட்டும் இந்திய மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருந்தால் அந்த இணைப்பு ‘மீட்டர்டு’, அதாவது டேட்டாவை அளந்து செலவிட வேண்டியது, என்று குறிக்கப்பட்டிருக்கலாம். அப்படியிருந்தால் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை நிறுத்திவைக்கும். வாரம் ஒருமுறையாவது அதை நீக்கிவிட்டு, ‘செக் ஃபார் அப்டேட்ஸ்’ அழுத்துங்கள்.

பழைய கணினியைப் புதிது போல வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸிலேயே உள்ள ஓட்டையை ஆன்டிவைரஸால் அடைக்க முடியாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற வைரஸ் அப்படிப்பட்ட ஓர் ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாத கணினிகள் மாட்டிக்கொண்டன.

அறிகுறி: பணம் கட்டி வாங்கிய ஆன்டிவைரஸைப் போட்டபின் ஜி.எஸ்.டி. கையொப்பம் ஏறவில்லை

அரிசி ஆலைகளிலும் உரக்கடைகளிலும் கணக்கு எழுதுபவர்கள் சந்திப்பது இது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கனைச் செருகியதும் கணினிக்குள்ளேயே இயங்கும் எம்சைனர் என்ற சிறு நிரலோடு உலாவி பேச வேண்டும். ஆன்டிவைரஸின் ஃபயர்வாலோ இணைய வடிகட்டியோ அந்தப் பேச்சைத் தடுத்துவிடும். ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள். அந்த ஒரு நிரலுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, அதுவும் போதாவிட்டால் பாதுகாப்பான (https) தளங்களோடு நடக்கும் தகவல் பரிமாற்றத்தைப் பிரித்துச் சோதிக்கும் வசதியை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி: ஆன்டிவைரஸை நிறுவவே விடவில்லை

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே நிறுவ முடியும் என்று செய்தி வந்தால், கணினி ‘எஸ் மோட்’ என்னும் நிலையில் இருக்கிறது. இலவசமாகவே வெளியே வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. ஆன்டிவைரஸுக்காக மட்டும் வெளியே வர வேண்டாம்.

அறிகுறி: கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிய எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எதுவும் திறக்கவில்லை

இது பிணைத்தொகை கேட்கும் ரான்சம்வேர். வைஃபையை அணையுங்கள், செருகியிருக்கும் பென் டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் உருவிவிடுங்கள், பணம் கட்டாதீர்கள். 2016இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டிய கோப்பு ஒன்றை வேறு கணினியிலிருந்து ஏற்றினால், அந்த வகைக்குத் திறவுகோல் உண்டா என்று சொல்லும். அந்தரங்க ஆவணத்தை ஏற்றாமல் சாதாரணக் கோப்பாகத் தேர்ந்தெடுங்கள். இன்று திறவுகோல் கிடைக்காவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள், பின்னாளில் வெளிவரக்கூடும். இன்னும் பாதிக்கப்படாதவர்கள் டிஃபெண்டரில், அறியாத நிரல்கள் உங்கள் கோப்புறைகளை மாற்றாமல் தடுக்கும் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ வசதியை இயக்குங்கள். அது தானாக இயங்கும் நிலையில் வருவதில்லை.

அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் வாங்க வேண்டுமா?

இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. கடை ஆகியவற்றை நடத்துபவர்கள் வாங்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். முகம் தெரியாதவர்களின் பென் டிரைவ்கள் நாள் முழுவதும் செருகப்படும் இடத்தில், அவற்றைக் கட்டுப்படுத்தவும் எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கவும் வசதியுள்ள அலுவலகப் பதிப்பு தேவைப்படும். அவர்கள் கணினி சுத்தமாக இருந்தால் ஊரில் பாதிப் பேருடைய கணினி தப்பிக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் சோதனைக்கூடங்களின் முடிவைப் பாருங்கள். ஜெர்மனியின் மக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், காக்கும் திறன், வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் கணக்கில் தருகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸும் நம்பகமானது. நம் நாட்டு நிறுவனங்களில் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகியவை பரவலாகக் கிடைக்கின்றன. இலவசம் என்பதற்காக மட்டும் வேறு ஒன்றைப் போடுவதாக இருந்தால் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்: பயனர்களின் உலாவல் விவரங்களை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் அறிவித்தது.

கடையில் வாங்கினால், உரிமம் எத்தனை கணினிகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதைப் பெட்டியிலேயே படித்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால், முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையையும் அடுத்த ஆண்டுப் புதுப்பிப்பு விலையையும் ஒப்பிடுங்கள். தானியங்கிப் பிடித்தத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அப்போது நிறுத்திக்கொள்ளலாம். எங்கே வாங்கினாலும் பதிவு செய்யும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கடைக்காரர் அவசரத்துக்குத் தம்முடைய மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், காலாவதி அறிவிப்பும் மறுநிறுவலுக்கான உரிம எண்ணும் அவருக்குத்தான் போகும்.